ஏட்டில் நின்ற சொல், மிடற்றில் நின்ற பண்

பரிபாடலைப் பயில்வோர் முதலில் நின்று நோக்குவது பாட்டுகளின் அடியில் உள்ள குறிப்புகளைத்தான். பாடியவர் இன்னார், இசை வகுத்தவர் இன்னார், பண் இன்னது என மூன்று செய்திகள் அங்கே இருக்கின்றன. பெட்டனாகனார், கண்ணகனார், நன்னாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் என்று இசை வகுத்தோர் பெயர்கள் புலவர் பெயர்களுக்கு ஒப்ப நிற்கின்றன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று பண்ணின் பெயரும் தவறவில்லை. எட்டுத்தொகையில் வேறெந்த நூலும் இசையமைத்தவனுக்கு இத்துணை மதிப்பு அளிக்கவில்லை. 1918இல் உ.வே.சா. அதைப் பதிப்பித்த நாளிலிருந்து நாமும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டு வருகிறோம். ஆயினும் அப்பாட்டுகளுள் ஒன்றையேனும் நன்னாகனார் வகுத்த இசையில் பாடிக்காட்ட வல்லார் இன்று எவரும் இலர். சொல் இருக்கிறது, பண்ணின் பெயர் இருக்கிறது, பண் போய்விட்டது.

இந்தக் குறையை நெஞ்சில் இருத்திக்கொண்டுதான் அண்டை நாட்டுச் செய்தி ஒன்றை இம்மலரில் எழுத முற்படுகிறேன். சேலத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை கோவையையும் பாலக்காட்டுக் கணவாயையும் திருச்சூரையும் கடந்து கொச்சியின் எல்லையில் முடிகிறது. அந்த மறுகோடியில், கொச்சி, எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் வாழ்ந்த யூதப் பெண்கள் தங்கள் பாட்டுகளைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதிவைத்திருந்தனர். பாட்டுகளின் மொழி மலையாளம், எழுத்தும் மலையாளமே. இடையிடையே எபிரேயச் சொற்கள் வரும். பல நோட்டுகளிலிருந்து ஆராய்ச்சியாளர் திரட்டியவை ஏறத்தாழ முந்நூறு பாட்டுகள். திருமணப் பாட்டு, விவிலியக் கதைப் பாட்டு, இறைவாழ்த்து, ஒவ்வொரு வழிபாட்டுக் கூடத்தையும் தனித்தனியே போற்றும் பாட்டு என அவை பலவகைப்படும். இருபதாம் நூற்றாண்டில் தாயகம் திரும்பும் வேட்கையைப் பாடியவையும் உண்டு. இயற்றியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. இசைக்குறிப்பு அறவே இல்லை. பரிபாடலுக்கு நேர்ந்தது இந்த நோட்டுகளுக்கும் நேர்ந்திருக்க வேண்டும். நேரவில்லை, அல்லது முழுவதும் நேரவில்லை. அது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கேரள யூதர் நமக்கு அயலார் அல்லர். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு கி.பி. 849ஐ ஒட்டியது. அதில் சான்றொப்பமிட்டவர்களுள் எபிரேய எழுத்தில் கையெழுத்திட்டவரும் உளர். அதன் பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்து, கி.பி. 1000 அளவில், சேரமன்னன் பாஸ்கர இரவி முயிரிக்கோட்டில் இருந்து இசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணப் பேற்றை அளித்தான். முயிரிக்கோடு என்பது அகநானூறு பேசும் முசிறி; இன்றைய கொடுங்கல்லூர்ப் பகுதி. அந்தச் செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. சிறிது பழகினால் தமிழர் எவரும் அதைப் படித்துப் பொருள் கொள்ளலாம். எழுபத்திரண்டு உரிமைகள் அதில் வழங்கப்பட்டன. பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் ஆகியவற்றோடு வடுகப்பறையும் காகளமும் அவற்றுள் அடங்கும். பறை கொட்டுவதும் காகளம் ஊதுவதும் அரசன் எழுதிக் கொடுக்க வேண்டிய உரிமைகளாக இருந்தன. கொங்குநாட்டுக்காரர்களுக்கு இது வியப்பாக இராது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு கொங்குச் சோழன் வெளியிட்ட கரூர்க் கல்வெட்டு, வெங்கால நாட்டுக் கம்மாளர் தம் நன்மைக்கும் தின்மைக்கும் இரட்டைச் சங்கு ஊதவும் பேரிகை கொட்டவும் உரிமை தந்தது. ஓசை எழுப்பும் உரிமையே ஒரு குலத்தின் மதிப்பை அளந்த காலம் அது.

யூதப் பெண்களின் பழைய பாட்டுகளில் தமிழோடு ஒட்டிய சொல்லாட்சிகள் மிகுதி. பதினான்காம் நூற்றாண்டு இலக்கண நூலான லீலாதிலகம், தமிழில் வழங்கும் எழுத்துகளால் ஆகி, எதுகையும் மோனையும் பெற்று வருவதே 'பாட்டு' என்று வரையறுக்கும். மணிப்பிரவாளம் ஏட்டில் ஓங்கிய பின்னும் அந்தப் பழைய 'பாட்டு' மரபு வீடுகளில் வாழ்ந்தது. அவ்வாறு வாழ்ந்த வீடுகளுள் யூதர் வீடுகளும் அடங்கும். பாடிய பெண்களுக்கே சில பாட்டுகளின் பொருள் விளங்கவில்லை. பொருள் தெரியாவிட்டாலும் மாற்றாமல் பாடினர். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பொருள் புரிந்தவர் பழஞ்சொல்லைத் திருத்திப் புதுச்சொல் இட்டிருப்பர். புரியாதவரே பழஞ்சொல்லைக் காத்துத் தந்தனர். ஏடு பெயர்த்தெழுதியோர் செய்த 'திருத்தங்களால்' நம் நூல்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் இதை ஒப்புவர்.

கொடுங்கல்லூரை அவர்கள் சிங்ளி என்று அழைத்தனர். மலையாளத்தில் பாடியபோதும் அவர்கள் பாட்டுகளில் எருசலேமின் நினைவு மீண்டும் மீண்டும் எழும். தொலைவிலுள்ள ஒரு திருநகரின் பெயரைத் தாங்கி, இராமன் முடிசூடியது இங்கேதான் என்று சொல்லிக்கொள்ளும் ஊரில் வாழ்கிற நமக்கு அந்த உள்ளம் புரியாததன்று.

யூத சமயத்தின் கடுமையான வழக்குப்படி, ஆடவர் உள்ள அவையில் பெண் குரல் எழுப்பிப் பாடலாகாது. கொச்சியில் அந்தத் தடை செல்லவில்லை. திருமணத்திலும் விருத்தசேதனச் சடங்கிலும் திருநாளிலும் பெண்கள் கூடி நின்று பாடினர். சில பாட்டுகளுக்குக் கைகொட்டி வட்டமாகச் சுழன்று ஆடினர். கேரளத்துக் கைகொட்டிக்களியும் நம் கும்மியும் நினைவுக்கு வரும். ஆடவர் அமர்ந்து கேட்டனர். இன்னொரு சிறப்பும் உண்டு. கொச்சி யூதர் பெண்களுக்கு எபிரேயம் கற்பித்தனர். ஆதலின் எபிரேய வழிபாட்டுப் பாடல்களையும் ஆடவரோடு சேர்ந்து பெண்கள் பாடினர். மற்ற நாட்டு யூதரிடையே இது அரிது. பலர் சேர்ந்து பாடினாலும் மேலை நாட்டுச் சேர்ந்திசை போல் வெவ்வேறு சுரங்களில் பிரிந்து இணையும் முறை அதில் இல்லை. எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவர்; ஒவ்வொருத்தியும் தன் தாயிடம் கேட்ட நெளிவோடு பாடுவாள். நம் ஊர்க் கோயில் பசனையிலும் கும்மியிலும் கேட்பது அதுதான்.

கொச்சி யூதரிடையேயும் பிரிவினை இருந்தது. மட்டாஞ்சேரியில் 1568இல் பரதேசிக் கூடத்தைக் கட்டியவர்கள், பின்னாளில் மேலை நாடுகளிலிருந்து வந்தவர்களின் வழியினர். ஏனைய ஏழு கூடங்களைச் சேர்ந்த பழைய மலபாரியரோடு அவர்களுக்குக் கொள்வினை கொடுப்பினை இல்லை. அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர்களுக்குப் பரதேசிக் கூடத்தில் சம இருக்கை மறுக்கப்பட்டது. அதை எதிர்த்து அறப்போர் செய்த வழக்கறிஞர் ஆபிரகாம் பாரக் சேலம் என்பவரை 'யூதக் காந்தி' என்றனர். அவர் பெயரிலுள்ள சேலத்துக்கும் நம் சேலத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனாலும் அப்பெயரை முதன்முதலில் படிக்கும் நம்மூர்க்காரர் சற்றே நிமிர்ந்து உட்காராமல் இருக்க முடியாது. மணமும் இருக்கையும் பிரித்துவைத்த அந்தக் கூட்டத்தாரிடையே மலையாளப் பாட்டு மட்டும் பொதுவாக இருந்தது. ஒரே பாட்டு இரு பிரிவுப் பெண்களின் நோட்டுகளிலும் கிடைக்கிறது.

ஆடவர் பாடிய எபிரேயப் பாடல்களின் வரலாறு வேறு. சிங்ளி வழக்குப்படி அமைந்த வழிபாட்டுப் பாடல்கள் 1757இலேயே ஆம்ஸ்டர்டாமில் அச்சேறின. 1615இல் மறைந்த நெகேமியா மோதா என்னும் ஞானியின் பெயரால் வழங்கும் பாடல்கள் உண்டு. அவர் கல்லறை மட்டாஞ்சேரியில் இருக்கிறது. பிற சமயத்தாரும் அங்கே மெழுகுவத்தி ஏற்றி வேண்டுகின்றனர். ஆடவரின் பாடல்களுக்கு இவ்வாறு அச்சும் பெயரும் கல்லறையும் கிடைத்தன. பெண்களின் பாட்டுகளோ முழுமையான தொகுப்பு நூலாக வெளிவர 2005 வரை காத்திருந்தன. இடைவெளி 248 ஆண்டுகள்.

எழுதத் தெரிந்த பெண்கள் மெட்டை ஏன் எழுதவில்லை என்று கேட்கலாம். யூத மரபிலேயே இசையை எழுதிவைக்கும் வழக்கம் குறைவு. விவிலியத்தின் எபிரேய மூலத்தில் எழுத்துகளுக்கு மேலும் கீழும் ஓதற் குறிகள் உள்ளன. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் திபேரியாவில் இருந்த அறிஞர் அவற்றை நிலைப்படுத்தினர். குறி ஒன்றேயாயினும் ஏமன் நாட்டார் ஓதுவது ஒரு விதம். செருமானியர் ஓதுவது ஒரு விதம். கொச்சியார் ஓதுவது வேறு விதம். குறி வழியைச் சுட்டும். ஓசையை ஆசிரியன் வாய்மொழியாகவே தர வேண்டும். நம் பண் பெயர்களின் நிலையும் இதுவேயன்றோ?

யூத வழிபாட்டுப் பாடலுக்கு இசைக்குறியிட்டு எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்த மிகப் பழையவை பன்னிரண்டாம் நூற்றாண்டின. எழுதியவர் பிறப்பால் யூதர் அல்லர். ஒபதியா என்று பெயர் மாற்றிக்கொண்டு யூதம் தழுவிய இத்தாலிய நார்மன் குடியினர் அவர். கிறித்தவ மடங்களில் வழங்கிய இசைக்குறிகளை அறிந்திருந்ததால் எபிரேயப் பாடலுக்கும் அவற்றை இட்டார். அந்தத் தாள்கள் பழைய கெய்ரோவின் வழிபாட்டுக் கூடத்துக் காகிதக் கிடங்கில் கிடந்தன. எழுத்துள்ள தாளை எறிதல் ஆகாது என்ற நம்பிக்கையால் பயனற்றவை எனக் கருதிய தாள்களை எல்லாம் அங்கே போட்டு வைத்தனர். அதே கிடங்கில்தான் 1132 முதல் 1149 வரையிலான காலத்தில் மலபார்க் கரையில் வணிகம் செய்த ஆபிரகாம் பென் இஜு என்பவரின் கடிதங்களும் கிடைத்தன. மிளகும் பாக்கும் வெண்கலமும் பேசும் அந்த வணிகர் கவிதையும் எழுதினார். பழைய தாளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட நம் முன்னோர், அந்தக் கெய்ரோக்காரர் போல் ஓர் அறையில் போட்டுப் பூட்டியிருந்தால் என்னவெல்லாம் கிடைத்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அதன்பின் ஐந்நூறு ஆண்டு கழித்து, மாந்துவா நகரத்துச் சாலமோனே ரொசி எபிரேயச் சொல்லுக்குப் பல குரல் சேர்ந்திசை அமைத்து முப்பத்துமூன்று பாடல்களை வெனிசில் அச்சிட்டார். ஆண்டு 1622–23. அவருக்கு ஏற்பட்ட தொல்லை விசித்திரமானது. எபிரேயம் வலமிருந்து இடம் செல்லும். இசைக்குறியோ இடமிருந்து வலம் செல்லும். இரண்டையும் ஒரே வரியில் எப்படிக் கோப்பது? இசையை அதன் போக்கில் விட்டுச் சொற்களை வலமிருந்து இடமாகவே அச்சிட்டனர். பாடுகிறவர் கண்ணை இரு திசையிலும் ஓட்ட வேண்டியதாயிற்று.

கொச்சிப் பெண்களுக்கு இந்தத் தொல்லைகள் எவையும் இல்லை. இசைக்குறி இல்லாத உலகில் மெட்டைக் காக்க உதவுவது இன்னொரு பாட்டுத்தான். யூதரின் எபிரேயப் பாடல் நூல்களில், இப்பாட்டு இன்ன பாட்டின் மெட்டில் பாடத்தக்கது என்று தலைப்பில் குறிப்பது பரவலான வழக்கம். நம்மவருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. சிந்துப் புத்தகங்களிலும் நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும் 'வர்ணமெட்டு' என்று போட்டு வேறொரு பாட்டின் தொடக்கத்தைக் குறிப்பார்கள். தெரிந்த பாட்டே தெரியாத பாட்டுக்கு இசைக்குறி. இதில் ஓர் இடர் இருக்கிறது. மூலப்பாட்டின் மெட்டு மறந்துவிட்டால் அதில் தொங்கும் அத்தனை பாட்டுகளும் ஒரே நாளில் ஊமையாகும். கொச்சியிலும் ஒரே மெட்டில் பல பாட்டுகள் பாடப்பட்டன. ஆகவே ஒரு மூதாட்டியின் மறைவு ஒரு பாட்டின் மறைவாக இல்லாமல் ஒரு குடும்பப் பாட்டுகளின் மறைவாக ஆகக்கூடும்.

அது நடக்கும் நாளும் வந்தது. 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியது. 1950களின் நடுவில், பெரும்பாலும் 1953–55 ஆண்டுகளில், மலபாரி யூதர் ஏறத்தாழ அனைவரும் கேரளத்தை விட்டுச் சென்றனர். மொத்தமே இரண்டாயிரத்தைந்நூறு பேர் அளவிலான கூட்டம் அது. நெவாதிம், மெசிலாத் சியோன், தாவோஸ், அவியேசர், கபார் யூவால் முதலிய வேளாண் குடியிருப்புகளில் அமர்ந்தனர். நோட்டுகளும் பெட்டிகளில் உடன் சென்றன. பாலை நிலத்தில் கோழி வளர்த்தும் பூச்செடி வளர்த்தும் பிழைத்த அந்தப் பெண்களின் பிள்ளைகள் எபிரேயம் பேசினர், மலையாளத்தை மறந்தனர். புது நாட்டில் புதுப் பாட்டுகள் இருந்தன. பாட்டி பாடும் மலையாளம் வீட்டுக்குள் ஒடுங்கியது. ஒரு தலைமுறைக் காலம் அந்த நோட்டுகள் திறக்கப்படாமலே கிடந்தன என்று சொல்வது மிகையாகாது.

யூத இசையைத் தேடித் தொகுத்தவர்களின் கண்ணுக்கும் அவை அதுகாறும் படவில்லை. ஆபிரகாம் இடெல்சோன் என்னும் பேரறிஞர் 1914 முதல் 1932 வரை பத்துப் பெருந்தொகுதிகளாக யூத மெட்டுகளை வெளியிட்டார். ஏமன், பாபிலோன், பாரசீகம், மொராக்கோ என்று விரியும் அத்தொகுதிகளுள் கொச்சிக்கென ஒரு தொகுதி இல்லை.

1970களில் நிலை மாறியது. பார்பரா ஜான்சன் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் கொச்சியிலும் இஸ்ரேலிலும் அந்தப் பெண்களைத் தேடிச் சென்று, அவர்கள் பாடியதை ஒலிநாடாவில் பதிவு செய்தார், நோட்டுகளைப் படியெடுத்தார். கேரளத்தில் பி.எம். ஜுஸ்ஸே அதே பாட்டுகளை வரலாற்றுக் கண்ணோடு ஆராய்ந்தார். கொச்சியில் 1912இல் பிறந்து 1951இல் இஸ்ரேலின் கூட்டுப்பண்ணை ஒன்றில் குடியேறிய ரூபி தானியேல் என்ற அம்மையார், தாமறிந்த பாட்டுகளைத் தம் முதுமையில் ஆங்கிலமாக்கினார். பரதேசிக் கூடத்தில் சம இடம் மறுக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் பணி செய்தவர். ஜான்சனோடு சேர்ந்து அவர் எழுதிய நினைவு நூல் 1995இல் வெளிவந்தது. கற்றோர் தேடி வருமுன் தம் மொழியின் பொருளைத் தாமே தேடி எழுதிய பாட்டுக்காரி என்பதால், இந்த வரலாற்றில் அவருக்கு நான் தனி இடம் தருவேன்.

மலையாளப் பேராசிரியர் ஸ்கரியா சக்கரியாவும் ஒபிரா கம்லியேலும் நோட்டுகளை ஒப்புநோக்கி, எபிரேய மொழிபெயர்ப்போடு 2005இல் எருசலேமில் பதிப்பித்த தொகுப்புக்குக் 'கார்குழலி' என்று பெயர். தமிழர் எவருக்கும் பொருள் சொல்ல வேண்டாத பெயர். அதற்கு முந்திய ஆண்டு, 2004இல், எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் ஜான்சனின் தொகுப்பில் பாட்டுகளை ஒலித்தட்டாக வெளியிட்டது. முதலில் ஒலி, பிறகு ஏடு. இந்த முறைவைப்பு தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. இஸ்ரேலில் கொச்சிப் பெண்கள் மீண்டும் குழுவாகக் கூடி மேடையில் பாடலாயினர். பாட்டின் சொல்லை நோட்டிலிருந்தும் மெட்டை மூத்தவர் வாயிலிருந்தும் ஒலிநாடாவிலிருந்தும் பெற்றனர். எல்லா மெட்டும் கிடைக்கவில்லை. முந்நூறு அளவிலான பாட்டுகளில் சொல் மட்டும் எஞ்சி, பாட ஆளின்றி நிற்பவையும் உள்ளன. அவற்றைப் பரிபாடலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான்.

தேவாரத்தின் கதையை இங்கே எண்ணிப் பார்ப்பது தகும். தில்லையில் செல்லரித்த ஏடுகள் கிடைத்தபின் அவற்றுக்குப் பண் தெரியவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் அமைத்தனர் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். அரசனும் நம்பியும் ஏட்டை மீட்டனர். பண்ணை மீட்க ஒரு பாணர் குலத்துப் பெண் வேண்டியிருந்தது. மீட்டவர் பெயர்களை ஊரறியும். அந்தப் பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. ஈரோட்டுப் பக்கத்து அறச்சலூர்க் குகையில் தாளச் சொற்கட்டுகளை வரிசையாகப் பொறித்தவன், இவ்வெழுத்தைப் புணர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று தன் பெயரையும் பொறித்தான். கி.பி. முதல் நான்கு நூற்றாண்டுகளுக்குள் வைத்து எண்ணப்படும் கல்வெட்டு அது. ஆடவன் கையில் உளி இருந்தது என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

இந்தியாவோடு தொடர்புடைய யூத இசை ஏடுகளுள் இதற்கு நேர் மறுதலையான ஒரு குவியல் உண்டு. அங்கே எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சுரமும் தாளில் இருக்கிறது. இயற்றியவர் பெயரும் இருக்கிறது. கேட்டவர்தாம் இல்லை. வால்டர் காஃப்மன் 1907இல் பொகீமியாவின் கார்ல்ஸ்பாத் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெர்லினிலும் பிராகிலும் இசை பயின்றார். இட்லரின் ஆட்சி எழுந்ததும் 1934இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். மெஹலி மேத்தா முதலியோரோடு அறையிசைக் கழகம் ஒன்று நடத்தினார். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் மேலை இசைப் பகுதிக்குப் பொறுப்பேற்றிருந்தார். முதலில் இந்திய இசை அவருக்குப் புரியவில்லை. இத்தனை கோடி மக்கள் விரும்பும் இசையில் ஏதோ இருக்க வேண்டும். குறை தம் காதில்தான் இருக்கும் என்று கருதி உட்கார்ந்து கற்றார். இந்த அடக்கம் நம்மிடையே உள்ள சில விமரிசகர்களுக்கு வாய்த்திருந்தால் நன்றாயிருக்கும்.

வானொலி நிலையம் காலையில் ஒலிபரப்பைத் தொடங்குமுன் தம்புராவின் மேல் வயலின் எழும் அடையாள இசை ஒன்று உண்டு. 1936இல் அதை அமைத்தவர் காஃப்மன் என்பதே பெரும்பாலோர் ஏற்பது. வேறு பெயர் சொல்வாரும் உளர். சிவரஞ்சனியின் சாயல் கொண்டது என்பர். 1939இல் திருச்சி நிலையம் தொடங்கியது. அதன்பின் பஞ்சாயத்து வானொலிப் பெட்டி வந்த ஊர்களில் எல்லாம், மாட்டுக்குத் தீனி வைத்தபடியும் தறியில் உட்கார்ந்தபடியும் நம் மக்கள் அந்த இசையைக் கேட்டார்கள். சொல் இல்லாத பாட்டு; பெயர் அறியாத புலவன். நாட்டைவிட்டு ஓடிவந்த ஒருவன் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

காஃப்மன் 1946இல் இந்தியாவை விட்டு நீங்கினார். கனடாவின் வின்னிபெக் நகரில் இசைக்குழு நடத்தினார். 1957 முதல் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். கீழைநாட்டு இசைக்குறி முறைகளைப் பற்றி 1967இலும், வடஇந்திய இராகங்களைப் பற்றி 1968இலும், தென்னிந்திய இராகங்களைப் பற்றி 1976இலும் நூல்கள் எழுதினார். எழுதிவைத்தல் என்பதே வாழ்வாக இருந்த மனிதர் அவர். 1984இல் மறைந்தார். அவருடைய கையெழுத்துப் படிகள் அப்பல்கலைக்கழக இசை நூலகத்தில் அடுக்கப்பட்டுள்ளன. பம்பாயில் இயற்றிய அறையிசைப் படைப்புகள் பல்லாண்டு எவராலும் இசைக்கப்படாமல் கிடந்தன. டொராண்டோ நகரத்து இசைக்குழு ஒன்று தாள்களைத் தேடியெடுத்து இசைத்து 2020இல் இசைத்தட்டாக வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. வாசிப்பாரைப் பெற்றதும் அவை உடனே ஒலித்தன. பல்லாண்டு உறங்கிய தாளுக்கு அது போதுமாயிருந்தது. 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரக்குறியோடு அச்சிட்ட செயலின் அருமை இங்கே விளங்கும்.

எனினும் காஃப்மனின் தாள்களையும் கொச்சி நோட்டுகளையும் ஒரே தட்டில் நிறுப்பது பொருந்தாது. அவருடைய தாள் தன்னளவில் நிறைவானது. நோட்டோ பாதிதான், மறுபாதி உயிரோடு இருக்கும் ஒருத்தியிடம் இருந்தது. நூலகத்தில் எந்த நோட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் பாதியைத்தான் சேர்க்க முடியும். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் வழிபாட்டுக் கூடத்தின் மரவேலைப்பாடுகளைக் கழற்றிக் கொண்டுபோய் எருசலேம் அருங்காட்சியகத்தில் பொருத்தி 1995இல் திறந்துவைத்தார்கள். விட்டமும் கைப்பிடியும் அப்படியே இருக்கின்றன. அங்கே எழுந்த பாட்டைக் கழற்றிப் பொருத்தும் தச்சன் எங்கும் இல்லை. கொச்சியில் எஞ்சியிருந்த பரதேசிப் பிரிவின் கடைசிப் பெண்மணி 2024 ஆகஸ்டில் காலமானார்.

நம் வட்டத்துக் கவிஞர்கள் பலர் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் தொகுத்தவர்கள். தம் வீட்டு மூதாட்டிகளிடம் கேட்டு எழுதியவர்கள். அவர்கள் நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். சொற்கள் செம்மையாக உள்ளன. எதுகை மோனைக்காகச் சில இடங்களில் சற்றுச் செம்மை கூடியும் உள்ளன. பாடியவர் பெயர் சிலவற்றில் இருக்கிறது. 'ராகமாகப் பாடினார்' என்பதற்கு மேல் இசையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஏர்க்காட்டு அடிவாரத்தில் ஒருவிதமாகவும் வாழப்பாடிப் பக்கம் வேறுவிதமாகவும் இழுத்துப் பாடும் ஒரே ஒப்பாரி, அச்சில் ஒரே ஒப்பாரியாகத்தான் நிற்கிறது. ஒலிப்பதிவுக் கருவி இன்று எல்லார் சட்டைப்பையிலும் கைப்பேசியாக இருக்கிறது. ஜான்சன் 1970களில் தூக்கிச் சென்ற பெட்டியின் எடை அதற்கு இல்லை.

2004ஆம் ஆண்டு ஒலித்தட்டுக்குத் தலைப்புத் தந்தது ஒரு கிளிப்பாட்டு. நம் கிளிவிடு தூதுகளின் கிளியை அறிந்தவர்க்கு அது உறவுக்காரப் பறவை. அந்தக் கிளி யூத சமுதாயத்தையே குறிக்கும் என்று பொருள் கொள்வர் ஆய்வாளர். தற்கால எபிரேயத்தில் கிளிக்குத் 'துக்கி' என்று பெயர். விவிலியத்தில், சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த பறவைகளின் பெயராக வரும் சொல் அது. அங்கே அதற்கு மயில் என்றே பொருள் கொண்டனர். நம் 'தோகை'தான் அவ்வாறு திரிந்தது என்று கால்டுவெல் முதலியோர் கருதினர். ஆகவே கார்குழலியின் பேத்தி தன் பாட்டியின் மலையாளக் கிளியை இன்றைய எபிரேயத்தில் அழைக்க விரும்பினால், பழைய தென்னாட்டுத் தோகை ஒன்றின் பெயரால்தான் அழைக்க வேண்டியிருக்கும்.